சிபாரிசுக் கடிதமும் பழவேற்காட்டுக் குலுக்கலும்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தென்கோடி மட்டும் தமிழ்நாட்டில். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா, அதற்கு அப்பால் வங்கக்கடல். ராக்கெட் ஏவும் இடத்துக்குப் பக்கத்திலேயே, ராக்கெட்டைவிடப் பல நூற்றாண்டு பழைய தொழில் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. மீன்பிடி.

மருத்துவ மேற்படிப்புக்கு யாரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்குவது என்ற கேள்விக்கும் இந்த ஏரிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான். இடம் கொஞ்சம், கேட்பவர்கள் நிறைய. யாருக்குக் கொடுப்பது? எதை நம்பிக் கொடுப்பது?

பாடு

முகத்துவாரத்தை ஒட்டிய ஏரிப்பகுதியில் இறாலும் மீனும் அதிகம் கிடைக்கும். அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் வலை போட முடியாது. முதலில் வந்தவனுக்கே இடம் என்று விட்டால் தினமும் அடிதடிதான். இதற்குப் பட்டினவர் சமூக மீனவர்கள் கண்ட வழிதான் 'பாடு'. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்வார்கள். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்கள் இந்த முறையில் பழைய உரிமை உள்ளவை. நல்ல இடம் இன்று ஒருவருக்கு வந்தால் நாளை இன்னொருவருக்கு வரும். பணக்காரன் ஏழை வித்தியாசம் அந்தக் குலுக்கலுக்குத் தெரியாது. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதே மாதிரி சீட்டுப் போட்டு வலை இடம் பிரிக்கும் வழக்கம் உண்டு.

கேட்பதற்கு மிக நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். குலுக்கலில் பெயர் எழுத யாருக்கு உரிமை? அந்த ஊரைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஆணாக இருக்க வேண்டும். கல்யாணமாகித் தலைக்கட்டாக ஊரில் கணக்கில் வந்திருக்க வேண்டும். அதே ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும், அங்கே மீன்பிடிக்கும் தலித் மக்களுக்கும் பாரம்பரியப் பாட்டில் பெயர் கிடையாது. உரிமை கேட்டுப் பிரச்சினைகள் எழுந்ததும் உண்டு. அதாவது, குலுக்கலுக்கு முன்னால் ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலில் "இவர் நம்ம ஆள்" என்று ஊர் சொல்ல வேண்டும்.

உலகத்தில் அரிதான ஒரு இடத்தைப் பங்கு போட முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. ஒன்று, தெரிந்தவர் சொல். இரண்டு, மதிப்பெண். மூன்று, சீட்டு. மருத்துவக் கல்வியின் வரலாறு இந்த மூன்றுக்கும் இடையில் ஊசலாடிய வரலாறுதான்.

கம்பெனிக் காலத்து டாக்டர்கள்

கிழக்கிந்தியக் கம்பெனியில் டாக்டராக வேலைக்கு வருவதற்குப் பரீட்சையைவிட முக்கியமாக ஒன்று தேவைப்பட்டது. லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர் ஒருவரின் நியமனம். யாருடைய மருமகன், யாருடைய நண்பரின் பையன் என்பதுதான் முதல் தகுதி. கத்தி பிடிக்கத் தெரியுமா என்பது அடுத்த கேள்வி. 1853ஆம் ஆண்டு சாசனச் சட்டம் இயக்குநர்களின் இந்த அதிகாரத்தைப் பறித்தது. போட்டித் தேர்வு வந்தது.

மருத்துவப் பணிக்கான முதல் போட்டித் தேர்வு 1855இல் லண்டனில் நடந்தபோது அதில் இரண்டாவது இடம் பிடித்தவர் ஒரு வங்காளி. பெயர் சூர்ஜோ குமார் சக்கரவர்த்தி. சிபாரிசு முறையே தொடர்ந்திருந்தால் அவருக்கு அந்த வேலை கனவிலும் கிடைத்திருக்காது. எந்த இயக்குநரின் மருமகனும் இல்லையே அவர்!

ஆனால் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அவர் லண்டன் போனது எப்படி? 1845இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனார்கள். துவாரகநாத் தாகூர் பண உதவி செய்தார். கூட்டிக்கொண்டு போனவர் அவர்களுடைய ஆசிரியர் டாக்டர் குட்டீவ். வகுப்பில் நேரில் பார்த்து, இந்தப் பையன்களால் முடியும் என்று நம்பிய மனிதர். சூர்ஜோ குமார் பிற்பாடு தன் பெயரோடு 'குட்டீவ்' என்ற ஆசிரியரின் பெயரையும் சேர்த்துக்கொண்டார் என்பதிலிருந்தே அந்த நன்றி எவ்வளவு பெரியது என்று தெரியும்.

ஆக, ஒரே மனிதரின் வாழ்க்கையில் இரண்டு வகைச் சிபாரிசையும் பார்க்கலாம். இயக்குநரின் சிபாரிசு அவரைப் போன்றவர்களை வெளியே நிறுத்தியது. ஆசிரியரின் சொல் அவரை உள்ளே கொண்டுபோனது. இரண்டுக்கும் பெயர் சிபாரிசுதான். குணம் வேறு.

பெண்களுக்காகப் பேசியவர்கள்

மதிப்பெண் என்பதே வாங்க முடியாத நிலையில் இருந்தவர்களுக்கு யாராவது ஒருவர் பேசினால்தான் கதவு திறக்கும். பெண்களின் நிலை அப்படித்தான் இருந்தது.

மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணி 1866இல் வக்கீல் கணவரோடு சென்னைக்கு வந்தவர். ஆண் டாக்டரிடம் போக மறுத்துப் பிரசவத்தில் இறந்துபோகும் பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, தானே மருத்துவம் படிக்க விரும்பினார். அந்தக் காலத்தில் இங்கிலாந்திலேயே பெண்கள் மருத்துவம் படிப்பது பெரும்பாடு. சென்னையில் சர்ஜன் ஜெனரலாக இருந்த எட்வர்ட் பல்ஃபர் பெண்களைச் சேர்க்கலாம் என்று அரசிடம் எடுத்துச் சொன்னார். 1875இல் மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்கள் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்கள். பிறகு லண்டனில் 1882இல் எம்.பி. பட்டம் வாங்கிவிட்டு அவர் சென்னை திரும்பினார். 1885இல் அவர் தொடங்கிய பெண்கள் மருத்துவமனைதான் இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக நிற்கிறது. ஒரு அதிகாரி பேசிய நாலு வார்த்தை, ஊருக்கு ஒரு ஆஸ்பத்திரி.

ஆனந்திபாய் ஜோஷியின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. மகாராஷ்டிரப் பெண். பதினான்கு வயதில் பிள்ளை பெற்று, பத்தே நாளில் பறிகொடுத்தவர். மருத்துவம் படிக்க வைக்க வேண்டும் என்று கணவர் கோபால்ராவ் அமெரிக்க மிஷனரி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அந்த மிஷனரி செல்வாக்கு உள்ளவர், பத்திரிகை நடத்தியவர். மதம் மாறினால் பார்க்கலாம் என்ற தோரணையில் பதில் வந்தது. கடிதத்தையும் பதிலையும் தன் பத்திரிகையில் அவர் அச்சிட்டுவிட்டார். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் அமெரிக்காவில் நியூ ஜெர்சியைச் சேர்ந்த தியோடீசியா கார்பென்டர் என்ற குடும்பப் பெண்மணி, பல் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த நேரத்தில் அந்தப் பத்திரிகையைப் புரட்டினார். மனம் கேட்காமல் ஆனந்திபாய்க்கு எழுதினார். கடிதம் மேல் கடிதமாக நட்பு வளர்ந்தது. அந்த நட்பின் துணையோடுதான் 1883இல் ஆனந்திபாய் கப்பலேறினார். பிலடெல்ஃபியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1886இல் பட்டம் பெற்றார். மறுவருடமே, 22 வயது நிறைவதற்குள், நோயில் இறந்துபோனது பெரும் சோகம்.

பெரிய பதவியில் இருந்தவரின் கடிதம் உதவவில்லை. பதவியே இல்லாத ஒரு குடும்பத்தலைவியின் கடிதங்கள் உதவின. காரணம் எளிது. அந்த அம்மையார் ஆனந்திபாயைக் கடிதம் வழியாக ஒரு மனுஷியாக அறிந்திருந்தார்.

நம் ஊருக்கு வந்தால் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு கிளம்பியபோது, புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912இல் பட்டம். அதன்பின் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன். இன்றைய பாஷையில் 'ரெசிடென்சி' என்று சொல்வதற்கு அந்தக் காலத்தில் நம் ஊரில் மிக நெருக்கமாக இருந்தது இந்த ஹவுஸ் சர்ஜன் வேலைதான். மன்னர் கல்லூரி வாசலைத் திறந்துவிட்டார். ஆனால் ஆஸ்பத்திரி வார்டில் அவரை ஏற்க வைத்தது மன்னரின் செல்வாக்கு அல்ல, பரீட்சையில் அவர் காட்டிய திறமை.

நெல்லூர் கலெக்டரும் ஒரு குமாஸ்தாவும்

சிபாரிசுக் கடிதம் வாங்குவது எப்படி என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே சிறந்த உதாரணம் மருத்துவத்தில் இல்லை, கணிதத்தில் இருக்கிறது. சீனிவாச ராமானுஜன்.

கல்லூரிப் பரீட்சையில் தோற்றுப்போனவர். கையில் பட்டம் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகம். அவர் முதலில் போய்ப் பார்த்தது திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயரை. அவர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். ஒரு சின்ன வேலை கேட்டு வந்த பையனின் நோட்டைப் பார்த்துவிட்டு, இவனைத் தாலுகா ஆபீசில் உட்கார வைப்பது பாவம் என்று நினைத்துச் சென்னையில் இருந்த பேராசிரியர் சேஷு ஐயருக்கு எழுதி அனுப்பினார். சேஷு ஐயர் மூலம் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் போனார் ராமானுஜன். பழவேற்காடு ஏரியின் வடகரை அப்போது அடங்கியிருந்த அதே நெல்லூர் மாவட்டம்தான். ராமச்சந்திர ராவும் கணிதம் தெரிந்தவர். மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தார்.

1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பித்தபோது பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சான்றுக் கடிதம் கூட இருந்தது. சம்பளம் மாதம் 30 ரூபாய். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதக்காரர். பொறியியல் கல்லூரியின் கிரிஃபித் லண்டனில் பேராசிரியர் ஹில்லுக்கு எழுதினார். 1913 ஜனவரியில் ராமானுஜனே கேம்பிரிட்ஜில் ஹார்டிக்கு எழுதினார். அதற்கு முன் அதே பல்கலைக்கழகத்தில் இரண்டு பேரிடம் முயன்று பலன் இல்லை.

இந்தக் கடிதங்களில் ஒன்று தனியாகக் கவனிக்க வேண்டியது. வானிலைத்துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் 1913 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியது. வாக்கரும் கேம்பிரிட்ஜில் படித்த பெரிய கணித மேதை. ஆனாலும், ராமானுஜன் வேலை செய்யும் பிரிவு என்னுடையது அல்ல, எனவே அவர் ஐரோப்பியப் புகழ் பெறுவாரா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிற பொருளில் எழுதினார். அதே சமயம், சில வருடங்களாவது முழுநேரமும் கணிதத்தில் ஈடுபட அவருக்குப் பல்கலைக்கழகம் வசதி செய்துகொடுப்பது நியாயமே என்றும் எழுதினார். பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. "இவர்தான் உலகத்திலேயே பெரிய மேதை" என்று வாக்கர் எழுதியிருந்தால் பதிவாளர் சிரித்துவிட்டு ஃபைலை மூடியிருக்கலாம். தனக்குத் தெரிந்த எல்லையைச் சொன்னதால்தான் தெரிந்ததாகச் சொன்னதை நம்பினார்கள்.

ராமானுஜன் தேடிப்போனவர்கள் பட்டியலைப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். டெபுடி கலெக்டர், கலெக்டர், துறைமுக அதிகாரி என்று பதவியில் இருந்தவர்கள்தான். ஆனால் எல்லாரும் அந்த நோட்டைத் திறந்து படிக்கத் தெரிந்தவர்கள். வெறும் பதவிக்காக அவர் யாரிடமும் போகவில்லை.

சிபாரிசு கெட்ட வார்த்தை ஆன காலம்

சுதந்திரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் மருத்துவ சீட்டுக்குப் போட்டி கடுமையானது. வகுப்புவாரி ஆணையை 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதைத் தொடர்ந்து அரசியல் சட்டமே முதல்முறையாகத் திருத்தப்பட்டது. இடஒதுக்கீட்டுக்கு வழி பிறந்தது. ஆனால் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் நேர்முகத் தேர்வு தொடர்ந்தது. 1970இல் பெரியகருப்பன் வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது, நேர்முகத் தேர்வுக்கு மட்டும் 75 மதிப்பெண் இருந்தது. விளையாட்டு, உடல் தகுதி, பொதுத்திறமை என்று தலைப்புகள். பரீட்சையில் பின்தங்கியவர் நேர்முகத்தில் முந்திவிட இது வழி செய்தது. நேர்முகம் நடந்த விதத்தை நீதிமன்றம் குறை சொன்னது. 1980இல் ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி சம்பந்தமான அஜய் ஹாசியா வழக்கில் நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் மதிப்பெண் கூடாது என்றது. ஒரு மாணவரிடம் இரண்டு மூன்று நிமிடம் பேசிவிட்டு அவர் தலையெழுத்தை எழுதுவதா என்பதே கேள்வி.

தமிழில் 'சிபாரிசு' என்ற வார்த்தையே இதற்குள் கெட்டுப்போய்விட்டது. சிபாரிசு என்றால் தகுதி இல்லாதவனுக்குக் குறுக்கு வழி என்று அர்த்தம். 1984இல் நுழைவுத்தேர்வு வந்தது. கிராமத்து மாணவர்களைப் பாதிக்கிறது என்று 2006இல் சட்டம் போட்டு அதை எடுத்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும் என்றானது. 2017 முதல் நீட். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. சண்டை எல்லாமே எந்த மதிப்பெண் என்பதைப் பற்றித்தான். யாருடைய கடிதம் என்பதைப் பற்றி அல்ல. 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் ஒதுக்கியபோது அந்தப் பட்டியலில் மீனவச் சமூகங்களும் இருந்தன. பழவேற்காட்டுக் குப்பத்துப் பிள்ளைக்கு டாக்டர் ஆகும் வாய்ப்பு வந்தது கடிதத்தால் அல்ல, மார்க்கும் ஒதுக்கீடும் சேர்ந்ததால். முதுநிலைப் படிப்புக்கும் இங்கே அதே கதை. ரேங்க் வந்தால் சீட்டு. எந்தப் பேராசிரியரின் நல்ல வார்த்தையும் தேவையில்லை.

ஒரு விதிவிலக்கு வேலூர் சி.எம்.சி. ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி பிறகு கல்லூரியாக வளர்ந்தது. அங்கே திருச்சபைகள் மாணவர்களை அனுப்பி வைக்கும் 'ஸ்பான்சர்ஷிப்' முறை உண்டு. படித்து முடித்ததும் அனுப்பிய சபை சொல்லும் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும். இதிலும் கடிதம் இருக்கிறது. ஆனால் அந்தக் கடிதம் சலுகையோடு கடமையையும் சேர்த்துக் கட்டுகிறது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. இப்போது அங்கும் மதிப்பெண் வழியாகத்தான் போக வேண்டும்.

அமெரிக்காவில் மறுபடியும் கடிதம்

மதிப்பெண்ணை மட்டுமே நம்பி வளர்ந்த தமிழ்நாட்டு டாக்டர் ஒருவர் அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கும்போதுதான் முதல்முறையாக அந்தக் கேள்வியைச் சந்திக்கிறார். உங்களுக்காக எழுதப்போவது யார்?

அமெரிக்காவில் 1952 முதல் 'மேட்ச்' என்ற முறை இருக்கிறது. டாக்டர்கள் மருத்துவமனைகளை வரிசைப்படுத்துவார்கள், மருத்துவமனைகள் டாக்டர்களை வரிசைப்படுத்தும், கணக்கு இரண்டையும் இணைக்கும். ஆனால் அந்த வரிசையில் மருத்துவமனை ஒருவர் பெயரை எங்கே எழுதும் என்பதில் கடிதங்களுக்குப் பங்கு உண்டு. ஒரு இடத்துக்கு அதிகபட்சம் நான்கு கடிதம் அனுப்பலாம். 2022 ஜனவரியிலிருந்து அந்நாட்டு உரிமத் தேர்வின் முதல் கட்டத்தில் மதிப்பெண் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும். மார்க்கின் பிடி கொஞ்சம் தளர்ந்தால் மற்றவற்றின் எடை கூடத்தானே செய்யும்.

இங்கே நம்மவர்கள் வழக்கமாகச் செய்வது என்ன? கல்லூரி டீன், துறைத்தலைவர், ஓய்வு பெற்ற பெரிய டாக்டர் என்று லெட்டர்ஹெட் எவ்வளவு கனமாக இருக்கிறது என்று பார்ப்பது. வருடத்துக்கு 150, 250 மாணவர்கள் படிக்கும் கல்லூரியில் டீனுக்கு ஒரு மாணவரின் முகம்கூட ஞாபகம் இருக்காது. "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார். மாணவரும் இணையத்தில் கிடைக்கும் மாதிரியைப் பார்த்து, கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், எல்லாருடனும் நன்றாகப் பழகுவார் என்று எழுதிக்கொண்டு போவார். அந்தக் கடிதம் பொய் இல்லை. ஆனால் அதில் ஒரு மனிதர் இல்லை. அதே மூன்று வரி யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

இந்தப் பிரச்சினை அமெரிக்காவிலும் இருக்கிறது. எல்லாக் கடிதமும் எல்லாரையும் புகழ்ந்தால் கடிதத்தால் என்ன பயன்? அவசர சிகிச்சைத் துறையினர் 1997 வாக்கில் ஒரு படிவமே கொண்டு வந்தார்கள். இவரோடு எவ்வளவு நேரம் வேலை செய்தீர்கள், நீங்கள் பார்த்த மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இவர் எந்த இடத்தில் வருவார் என்று நேரடியாகக் கேட்கும் படிவம். விண்ணப்பிப்பவர் தனக்காக எழுதிய கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கும் வழக்கமும் இதனால்தான். அவர் பார்க்க மாட்டார் என்றால் எழுதுபவர் மனம் திறந்து எழுதுவார் என்ற நம்பிக்கை.

வரலாறு காட்டும் வழியில் யோசித்தால் யாரிடம் கேட்பது என்பதற்குப் பதில் கிடைக்கும். வார்டில் கூடவே ரவுண்ட்ஸ் வந்தவர். இரவு இரண்டு மணிக்கு வந்த நோயாளியை இந்த மாணவர் எப்படிக் கவனித்தார் என்று பார்த்தவர். கேஸ் ஷீட்டில் செய்த தப்பைச் சுட்டிக்காட்டி, அடுத்த வாரம் அது திருந்தியதையும் கண்டவர். அவர் உதவிப் பேராசிரியராக இருந்தாலும் பரவாயில்லை. விண்ணப்பிக்கும் துறையைச் சேர்ந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. ராமானுஜனின் நோட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள்போல, அந்தத் துறை வேலையை எடைபோடத் தெரிந்தவராக இருப்பார். கேட்கும்போதே "எனக்காக நல்ல கடிதம் எழுதும் அளவுக்கு என் வேலையைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டுவிடுவது உத்தமம். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். வாக்கரைப்போலத் தன் எல்லையைச் சொல்லி எழுதுபவர் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

டச்சுக்காரர்கள் போட்ட குலுக்கல்

மூன்றாவது வழியான சீட்டுக்குலுக்கல் மீன் பிடிக்க மட்டும்தான் சரி, டாக்டர் படிப்புக்கு யாராவது குலுக்கல் போடுவார்களா என்று கேட்கலாம். போட்டார்கள். போட்டவர்கள் டச்சுக்காரர்கள்!

பழவேற்காட்டுக்கு டச்சுக்காரர்கள் புதியவர்கள் இல்லை. 1613இல் இங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமையிடம். பிறகு தலைமை நாகப்பட்டினம் போனது. 1825இல் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். மண்டை ஓடும் எலும்புக்கூடும் செதுக்கிய அவர்களுடைய கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. அதே நெதர்லாந்தில் 1970களில் மருத்துவக் கல்லூரி இடங்களுக்குக் குலுக்கல் முறை வந்தது. பள்ளி மதிப்பெண் அதிகம் இருந்தால் குலுக்கலில் வாய்ப்பு அதிகம், குறைவாக இருந்தால் வாய்ப்பு குறைவு. ஆனால் தகுதி பெற்ற எல்லார் பெயரும் குலுக்கலில் இருக்கும். மிக நல்ல மதிப்பெண் வாங்கியவருக்கும் இடம் கிடைக்காமல் போனதால் எதிர்ப்பு எழுந்தது. 2017இல் குலுக்கலை எடுத்துவிட்டுக் கல்லூரிகளே தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. அதில் வசதியான வீட்டுப் பிள்ளைகள், பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள், டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் முந்துகிறார்கள் என்ற கவலை கிளம்பியது. 2023-24 கல்வியாண்டிலிருந்து விரும்பும் கல்லூரிகள் மறுபடியும் குலுக்கல் போடலாம் என்று சட்டத்தை மாற்றினார்கள்.

பழவேற்காட்டுப் பாட்டுக்கும் நெதர்லாந்துக் குலுக்கலுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. இரண்டு ஊர் மக்களும் தனித்தனியாக வந்து சேர்ந்த ஒரே முடிவு அது. எல்லாரும் தகுதி உள்ளவர்கள், இடம்தான் இல்லை என்றால் சீட்டுப் போடுவது அவமானம் இல்லை. சீட்டு யாரையும் தாழ்த்தாது, யாருக்கும் கடன்படவும் வைக்காது.

யாருக்கு யாரைத் தெரியும்?

சீட்டு நியாயமானது, ஆனால் திறமையைப் பார்க்காது. மதிப்பெண் திறமையைப் பார்க்கும், ஆனால் நோயாளியின் கையைப் பிடிக்கத் தெரியுமா என்று பார்க்காது. கடிதம் அதையும் பார்க்கும், ஆனால் தெரிந்தவர் இருந்தால்தான்.

இந்தக் கடைசி வார்த்தையில்தான் சிக்கல். அப்பா டாக்டர், மாமா டாக்டர் என்ற வீட்டில் பிறந்தவருக்கு, யாரிடம் எப்போது எப்படிக் கேட்க வேண்டும் என்பது சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே தெரிந்துவிடும். அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா அங்கே ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கூட நின்று பார்க்க ஏற்பாடு செய்வார். அங்கிருந்து ஒரு கடிதம் வரும். வலை இழுக்கும் வீட்டிலிருந்து முதல் தலைமுறையாக மருத்துவம் படிக்க வரும் பிள்ளைக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. மார்க் அந்தப் பிள்ளையைக் கல்லூரி வரை கொண்டுவந்து விட்டது. கடிதம் கேட்கும் இடத்தில் அது தனியாக நிற்கிறது. பாட்டுக் குலுக்கலில் பெயர் எழுத முடியாத இருளரின் நிலைபோலத்தான் இதுவும். திறமையில் குறை இல்லை. "இவர் நம்ம ஆள்" என்று சொல்ல வாசலில் யாரும் இல்லை.

அதனால் கடிதம் எழுதும் இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. கேட்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் எழுதினால் சிபாரிசு பழைய கம்பெனிக் காலத்துக்கே திரும்பிப் போய்விடும். குட்டீவ் மாணவர்களைத் தானே கூட்டிக்கொண்டு போனார். ராமஸ்வாமி ஐயர் குமாஸ்தா வேலை கேட்டு வந்தவனின் நோட்டைத் திறந்து பார்த்தார். கார்பென்டர் அம்மையாரிடம் யாரும் உதவி கேட்கக்கூட இல்லை.

மாணவருக்குச் சொல்ல வேண்டியது எளிது. உங்கள் வேலையைப் பார்த்தவரிடம் போங்கள், பதவியைப் பார்த்துப் போகாதீர்கள். ஆசிரியருக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் கடினம். வார்டின் பின்வரிசையில், பேசக் கூச்சப்பட்டு, ஆனால் வேலையைச் சரியாகச் செய்துகொண்டு ஒரு பிள்ளை நிற்கும். அது உங்களிடம் கடிதம் கேட்டு வராது. நீங்கள்தான் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.